கெட்டுப்போன கதைகள்

2025 ஜூலை. சிதம்பரத்தில் முதுகலை மாணவிகளுக்கு ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' நடத்திக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு. கடைசி வரிசையில் இரண்டு பெண்கள் தாழ்ந்த குரலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என்ன என்று கேட்டேன். சண்டை கதையைப் பற்றி இல்லை. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' என்ற வீடியோ கேமைத் தொடராக எடுத்திருக்கிறார்களாம். அதன் இரண்டாம் பருவம் சில வாரங்களுக்கு முன்புதான் முடிந்திருந்தது. "கேம்ல அந்த அபி எப்படி இருப்பா தெரியுமா மேம், மலை மாதிரி! சீரியல்ல ஒல்லியா ஒரு பொண்ணப் போட்டு மொத்தத்தையும் கெடுத்துட்டாங்க" என்றாள் ஒருத்தி. அண்ணன் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே முழுக் கதையும் அவளுக்கு மனப்பாடம். விளையாட்டுக்குத் துணையாக வந்த படக்கதைப் புத்தகத்தைக்கூடப் படித்திருந்தாள்.

சிரித்துவிட்டுப் பாடத்துக்குத் திரும்பினேன். கதையில் வரும் பெண்ணைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன். முன்வரிசையில் நன்றாகப் படிக்கும் பெண் எழுந்தாள். "கெட்டுப்போன பொண்ண அம்மா ஏத்துக்கிறாங்க மேம்" என்றாள்.

ஒரே மணி நேரத்தில் ஒரே வினைச்சொல் இரண்டு முறை. கதையையும் கெடுக்கலாம், பெண்ணையும் கெடுக்கலாம். பால் கெடும், பேர் கெடும், குடி கெடும். ஒரு நாவலோ விளையாட்டோ படமாகும்போது ரசிகர்கள் முதலில் கையில் எடுக்கும் சொல் எப்படி நம்மைச் சுட்டும் சொல்லாகவும் இருக்கிறது? அன்று வீடு திரும்பும்போது புதுச்சத்திரம் தாண்டும்வரை இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த யோசனையின் வரலாறுதான் இக்கட்டுரை.

கதையும் படமும் கைகோத்து வரும் வழக்கம் விளையாட்டு நிறுவனங்கள் கண்டுபிடித்தது அல்ல. தமிழில் அதற்கு எண்பத்தைந்து வயதுக்கு மேல் ஆகிறது. கல்கியின் 'தியாகபூமி' 1938-39இல் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, கே. சுப்ரமணியம் அதைப் படமாக எடுத்துக்கொண்டிருந்தார். தொடருக்கு வழக்கமாக வரைந்து போடும் ஓவியங்களின் இடத்தில் படத்தின் புகைப்படங்கள் அச்சாயின. வாரந்தோறும் வாசகர்கள் சாவித்திரியை எஸ்.டி. சுப்புலட்சுமியின் முகத்திலேயே சந்தித்தார்கள். 1939 மே மாதம் படம் வந்தது. எது மூலம், எது தழுவல் என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் சேர்ந்தே வளர்ந்தன.

சாவித்திரி புகுந்த வீட்டில் அவமானப்பட்டு வெளியேறியவள். பின்னால் வசதியும் பெயரும் உள்ள உமாராணியாகத் திரும்பி வருகிறாள். அப்போதுதான் கணவனுக்கு அவள் ஞாபகம் வருகிறது. மனைவி தன்னோடு வந்து வாழ வேண்டும் என்று வழக்குப் போடுகிறான். அவளோ சேர்ந்து வாழ மறுத்து, வேண்டுமானால் அவனுக்கு நான் ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள். 1939இல் இதைத் திரையில் ஒரு பெண் சொன்னாள். தேசிய இயக்கத்தை ஆதரித்த அந்தப் படத்தைப் பிரிட்டிஷ் அரசு பின்னர் தடை செய்தது. தடையைப் பற்றிப் பேசும் அளவுக்கு அந்த ஜீவனாம்சத்தைப் பற்றி நம் சினிமா வரலாறுகள் பேசுவதில்லை.

இனி கடலூருக்கு வருகிறேன். புதுமைப்பித்தன் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில், 1906இல். ஜெயகாந்தன் பிறந்தது மஞ்சக்குப்பத்தில், 1934இல். இரண்டு ஊருக்கும் நடுவே கெடிலம் ஓடுகிறது. இருவரும் இங்கே வளர்ந்து பெரியவர்கள் ஆகவில்லை என்றாலும், எங்கள் ஊர்க்காரர்கள் என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்குப் பெருமை உண்டு. நான் கவனிப்பது வேறொன்றை. இருவருமே சீதையின் தீக்குளிப்புக்குப் பதில் எழுதியவர்கள். 1943இல் வந்த 'சாபவிமோசன'த்தில், இராமன் சீதையைத் தீயில் இறங்கச் சொன்னான் என்பதைச் சீதையின் வாயாலேயே கேட்கிறாள் அகலிகை. கேட்டவள் மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். ஒருவகையில் அதுவும் ஒரு ரசிகரின் எதிர்வினைதான். பழைய கதையைப் படித்து, இந்த முடிவை என்னால் ஏற்க முடியாது என்று அந்தக் கதையின் பாத்திரத்தைக் கொண்டே சொல்லவைத்தது.

ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில் வந்தது. மழைநாளில் பேருந்துக்குக் காத்திருக்கும் கல்லூரிப் பெண். காரில் வரும் முன்பின் தெரியாத ஆண். வீடு திரும்பி நடந்ததைச் சொல்லும் மகளை அம்மா முதலில் அடிக்கிறாள். சத்தம் கேட்டு விசாரிக்கும் அக்கம்பக்கத்தாரிடம் ஏதோ சொல்லிச் சமாளிக்கிறாள். பிறகு மகளின் தலையில் தண்ணீரை ஊற்றுகிறாள், முடிந்தது என்கிறாள். தலைப்பில் இருப்பது தீ, கதையில் இருப்பது ஒரு வீட்டின் குளியலறைத் தண்ணீர். சீதைக்கு ஊர் கூடி நின்றது. இந்தப் பெண்ணுக்கு ஊர் தெரிந்துகொள்ளாமல் இருப்பதே விடுதலையாகிறது.

வாசகர்கள் கொதித்தார்கள். பாராட்டியவர்களும் உண்டு. எதிர்த்தவர்களின் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: அதெப்படி, தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடுமா? கதையின் முடிவு எப்படி இருந்திருக்க வேண்டும் என்று ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு வைத்திருந்தார்கள். இன்று ஒரு தொடரின் முடிவு பிடிக்காமல் ரசிகர்கள் தாங்களே வேறு முடிவு எழுதிக்கொள்வதைப் புதுமை என்கிறோம். அன்றைய தமிழ் வாசகர்களும் அதைத்தான் செய்தார்கள். ஆனால் பெரும்பாலும் தண்டனையை நோக்கித் திருத்தினார்கள்.

அந்தத் தீர்ப்புகளுக்கு ஜெயகாந்தன் ஒரு நாவலால் பதில் சொன்னார். அந்த அம்மா தண்ணீர் ஊற்றாமல், உலகம் எதிர்பார்த்தபடி கத்திக் கூச்சல் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஊருக்குத் தெரிகிறது. அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். மாமா படிக்க வைக்கிறார், அந்த உதவிக்குள்ளேயே அவருடைய ஆசையும் இருக்கிறது. கங்கா படித்து வேலைக்குப் போய்த் தலைநிமிர்ந்து நிற்கும்போதும் அந்த ஒரு மழைநாள் மட்டுமே அவளுடைய அடையாளம் என்று வீடே நினைக்கிறது. நாவலுக்குள் இன்னொரு ஏற்பாடும் உண்டு. பத்திரிகையில் வந்த 'அக்னிப் பிரவேசம்' கதையைக் கங்காவே படிக்கிறாள். அம்மாவும் படித்துவிட்டு அழுகிறாள். இந்தக் கதையில் வரும் அம்மாவைப் போல நீ ஏன் செய்யவில்லை என்ற கேள்வி மகளுக்கும் தாய்க்கும் நடுவே கிடக்கிறது. ஒரு கதாபாத்திரம் தன் கதையின் இன்னொரு வடிவத்தை வாசித்து அதன்மீது கருத்துச் சொல்லும் இடம் அது. வாசகர் கடிதங்களில் எல்லோரும் கங்காவைப் பற்றிப் பேசினார்கள். நாவலில்தான் முதல்முறையாகக் கங்கா வாசகியாகிறாள்.

அந்த நாவல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஆனால் அது எனக்கு முதலில் வேறு பெயரில் அறிமுகமானது.

என் பெரியம்மா திருப்பாதிரிப்புலியூரில் பள்ளி ஆசிரியை. அவருடைய மர அலமாரியில் பைண்டு செய்த தொடர்கதைகள் இருந்தன. அந்தக் காலத்துப் பெண்கள் பலருக்கும் இருந்த பழக்கம். வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்து, அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டையைப் பசையால் ஒட்டி வைப்பார்கள். பின்பக்கங்களில் தலைவலித் தைலத்துக்கும் புடவைக் கடைக்கும் விளம்பரங்கள் அப்படியே இருக்கும். அதில் ஒன்றின் அட்டையில் 'காலங்கள் மாறும் - ஜெயகாந்தன்' என்று பெரியம்மாவின் கையெழுத்து. சிதம்பரத்தில் முனைவர் பட்ட ஆய்வில் இருந்தபோது அந்தப் பெயரில் ஒரு நாவலை நூலகத்தில் தேடித் தேடி அலுத்துப்போனேன். பிறகு ஒரு விடுமுறையில் கடலூர் போய்ப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே கங்கா இருந்தாள். தினமணி கதிரில் அந்த நாவல் 'காலங்கள் மாறும்' என்ற தலைப்பில்தான் தொடராக வந்தது.

பக்க ஓரங்களில் பென்சில் எழுத்து. பெரும்பாலும் ஒரு சொல், இரண்டு சொல். மாமா வரும் இடங்களில் எல்லாம் ஒரு பெருக்கல் குறி. அம்மா அழும் இடத்தில் "இப்ப அழுது?" கடைசியில் கங்கா குடிக்கத் தொடங்கும் இடத்தில் மட்டும் ஒரு முழு வாக்கியம். "நான் குடிக்கலியே."

பெரியம்மாவுக்குப் பத்தொன்பது வயதில் கல்யாணம் நடந்தது. ஆறாவது மாதம் ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டார். ஏன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆசிரியப் பயிற்சி முடித்து முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தார். தம்பி தங்கைகள் படித்தது, என் அம்மாவின் கல்யாணம், எனக்குக் கல்லூரிக் கட்டணம் எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான். இருந்தும் விசேஷ வீடுகளில் அவரைப் பற்றிய பேச்சு ஒரே வாக்கியத்தில் முடியும்: "அவசரப்பட்டு வாழ்க்கையக் கெடுத்துக்கிட்டா." அந்த வாக்கியத்தைப் பந்தியில் உட்கார்ந்து நானே கேட்டிருக்கிறேன். பெரியம்மா மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார்.

ஆகவே அந்தப் பென்சில் வாக்கியத்தை நான் இலக்கிய விமர்சனமாகவே படிக்கிறேன். வீட்டை விட்டு வெளியேற நேர்ந்த பெண் கடைசியில் சிதைந்துதான் ஆக வேண்டுமா என்று அது கேட்கிறது. சமூகம் ஒருத்தியை எப்படிச் சிதைக்கும் என்று காட்டவே ஜெயகாந்தன் அப்படி எழுதினார் என்று வகுப்பில் நான் சொல்வதுண்டு. அது சரியான பதில்தான். பெரியம்மாவுக்கு அது போதவில்லை. அவர் தன் வாழ்க்கையைச் சாட்சியாக வைத்து முடிவை மறுத்தார். பத்திரிகைக்குக் கடிதம் எழுதவேண்டும் என்றால் பெயரும் ஊரும் போடவேண்டும். பெயரும் ஊரும் போட்டால் அடுத்த வாரம் ஆசிரியர் அறையில் பேச்சாகிவிடும். ஓரப் பக்கத்துக்கு முகவரி தேவையில்லை. நாவலுக்குப் பிறகு ஜெயகாந்தன் எழுதிய 'கங்கை எங்கே போகிறாள்' காசியில், கங்கை நதியில் முடிகிறது. பெரியம்மா அதைப் பைண்டு செய்து வைக்கவில்லை.

படம் 1977இல் கடலூருக்கு வந்தபோது பெரியம்மா இரண்டு ஆசிரியைகளோடு போய்ப் பார்த்தாராம். இயக்கியவர் ஏ. பீம்சிங். திரைக்கதையை ஜெயகாந்தனே எழுதினார். கங்காவாக நடித்த லட்சுமிக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. தமிழ்ப் படத்துக்காக அந்த விருதைப் பெற்ற முதல் நடிகை அவர். நாவலைப் படித்தவர்களுக்கே உரிய ஆவலோடு நான் ஒருமுறை கேட்டேன்.

"படம் எப்படி இருந்துச்சு பெரிம்மா? புக்கக் கெடுத்துட்டாங்களா?"

"அதெல்லாம் இல்ல. படிக்கிறப்ப அந்த அம்மாக்காரி மேல எனக்கு அவ்ளோ கோவம். படத்துல அவ மொகத்தப் பாத்தன். பாவம், அவளுக்கும் பயந்தான் போல. எங்கம்மாளும் பயந்திருப்பா."

இதற்கு மேல் ஒரு தழுவல் என்ன செய்துவிட முடியும்? எழுத்தில் மகளின் பார்வையில் மட்டும் தெரிந்த ஒருத்திக்குத் திரையில் முகம் கிடைத்தது. தன் அம்மா ஏன் எதுவும் கேட்கவில்லை என்று ஏறக்குறைய இருபது வருடம் கழித்துப் பெரியம்மாவுக்கு ஒரு விளக்கம் அகப்பட்டது. மூலத்துக்கு உண்மையாக இருந்ததா என்று மட்டும் கேட்டிருந்தால் இந்தப் பதில் எனக்குக் கிடைத்திருக்காது.

உண்மையாக இருப்பது என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். மூலக்கதையில் கை வைக்கக்கூடாது, அது கலப்படம் ஆகக்கூடாது, முதலில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கவேண்டும் என்று ரசிகர்கள் கேட்பது கற்பின் மொழி. தழுவல் என்ற சொல்லே அணைப்பைக் குறிப்பதுதான். இன்னொருவர் தொட்டதால் ஒரு கதை மாசுபடும் என்ற நினைப்பும், இன்னொருவர் தொட்டதால் ஒரு பெண் மாசுபடுவாள் என்ற நினைப்பும் ஒரே வீட்டில்தான் வளர்ந்திருக்கின்றன. அதனால்தான் கோபம் வரும்போது அது இயக்குநரோடு நிற்காமல் கதைநாயகியின் உடம்பு வரை போகிறது.

என் மாணவி சொன்ன அபிக்கு நடந்ததைப் பாருங்கள். அந்த விளையாட்டின் முதல் பாகம் 2013இல் வந்தது. 2020இல் வந்த இரண்டாம் பாகத்தில், ரசிகர்கள் நேசித்த ஓர் ஆணை அபி கொல்கிறாள். விளையாடுகிறவர்கள் பிறகு அவளாகவே மாறி விளையாடவேண்டும். இது பலருக்குத் தாங்கவில்லை. அவளுடைய தசை திரண்ட உடம்பு பெண்ணுடம்பே இல்லை என்றார்கள். அவளுக்குக் குரல் கொடுத்த லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. எழுதியவர்கள் எழுதிய ஒரு கொலைக்கு, குரல் கொடுத்த பெண் பதில் சொல்லவேண்டியிருந்தது. தொடரில் அபியாகக் கெய்ட்லின் டெவர் நடித்தபோது புகார் தலைகீழானது. இந்த உடம்பில் தசை போதவில்லையாம். எல்லியாக நடித்த பெல்லா ராம்சேவுக்கோ முகமே பொருந்தவில்லையாம். மிகையாக இருந்தாலும் குற்றம், குறைவாக இருந்தாலும் குற்றம்.

அதே விளையாட்டின் துணைப் புத்தகம் வேறொன்றைச் செய்தது. 2013இல் வந்த 'அமெரிக்கன் டிரீம்ஸ்' என்ற படக்கதையை விளையாட்டை எழுதிய நீல் டிரக்மனும் ஃபெய்த் எரின் ஹிக்ஸ் என்ற பெண் ஓவியரும் சேர்ந்து உருவாக்கினார்கள். விளையாட்டில் நாம் சந்திப்பதற்கு முன்பான எல்லி, அவளுடைய தோழி ரைலி, இரண்டு பெண்களின் சிநேகம். பெரிய கதையில் இடமில்லாத பெண் வாழ்க்கைக்குச் சின்னப் புத்தகத்தில் இடம் கிடைத்தது. என் மாணவி கைக்காசு போட்டு வாங்கிய ஒரே பொருள் அந்தப் புத்தகம்தான் என்றாள்.

எங்கள் மாவட்டத்திலும் அப்படி இடமில்லாமல் போன ஒருத்தி இருக்கிறாள். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. அது தொடங்குவது வீரநாராயண ஏரிக்கரையில். சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகும் வழியில் பார்க்கிற வீராணம்தான் அது. வந்தியத்தேவன் அங்கிருந்து நேராகப் போவது கடம்பூர் மாளிகைக்கு. அந்த மாளிகையின் பெண் மணிமேகலை. 1958இல் எம்.ஜி.ஆர். அதைப் படமாக்க உரிமை வாங்கிய காலத்திலிருந்து யார் வந்தியத்தேவன், யார் நந்தினி என்று வீட்டுக்கு வீடு பட்டியல் போட்டோம். 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் மணிரத்னத்தின் இரண்டு பாகங்கள் வந்தன. அதில் மணிமேகலை இல்லை.

இரண்டு படத்துக்குள் ஐந்து பாகத்தையும் அடக்கும்போது யாராவது உதிரத்தான் செய்வார்கள் என்பது நியாயம்தான். ஆனால் உதிர்ந்தவள் யார்? தான் நேசிப்பவனைக் காப்பாற்ற, ஆதித்த கரிகாலனைக் கொன்றது நான்தான் என்று பழியைத் தலையில் ஏற்றுக்கொண்டு, அறிவு கலங்கி, கடைசியில் இறந்துபோகிறவள். நாவலே அவளைத் தியாகம் செய்துவிட்டது. படம் அந்தத் தியாகத்தையும் தேவையில்லை என்றது. நந்தினியின் நகை சரியா, குந்தவையின் கொண்டை சரியா என்று பேசிய அளவுக்கு மணிமேகலையைப் பற்றி நாம் பேசவில்லை. கடம்பூர்ப் பக்கத்திலிருந்து பேருந்தில் வரும் மாணவி ஒருத்திதான் வகுப்பில் கேட்டாள்: "எங்க ஊர்ப் பொண்ண எங்க மேம் காணோம்?"

'காணோம்' என்று அவள் சொன்னபோது எனக்கு அந்தப் பழைய வினை மறுபடி ஞாபகம் வந்தது. பழந்தமிழில் கெடுதல் என்பதற்குத் தொலைந்துபோதல் என்ற பொருளும் உண்டு. ஒரு பொருளைக் கெடுப்பது என்றால் அதைத் தொலைப்பது. பழுதாவது வேறு, தொலைவது வேறு. பழுதானதை ஒதுக்கி வைப்பார்கள். தொலைந்ததைத் தேடுவார்கள்.

அந்தப் பொருளில் கேட்டால் கேள்விகள் மாறுகின்றன. இந்தத் தழுவலில் யார் தொலைந்தார்கள்? சாவித்திரி தருவதாகச் சொன்ன ஜீவனாம்சம் நம் நினைவில் எங்கே தொலைந்தது? யாருக்கு முகம் கிடைத்தது, யாருக்குக் குரல் போனது? மறுநாள் வகுப்பில் இந்தக் கேள்விகளைப் பலகையில் எழுதிப் போட்டேன். பிடித்த நாவல், படம், தொடர், விளையாட்டு எதுவானாலும் சரி, ஒன்றை எடுத்துக்கொண்டு எழுதி வாருங்கள் என்றேன். கெட்டுப்போனவள் என்ற சொல்லை மட்டும் யாரும் பயன்படுத்தக்கூடாது என்றேன். அதற்குப் பதில் என்ன சொல்வது என்று முன்வரிசைப் பெண் கேட்டாள். நடந்ததைச் சொல், செய்தவனைச் சொல் என்றேன்.

பெரியம்மா 2009இல் இறந்தார். அந்த பைண்டு புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. கடலூர் உப்புக்காற்றில் ஓரங்கள் பொடிந்து வருகின்றன. பென்சில் எழுத்து இருப்பது ஓரங்களில்தான். அதனால் இந்தக் கோடையில் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, பெரியம்மா எழுதியதை எல்லாம் பக்க எண்ணோடு ஒரு நோட்டில் எழுதி முடித்தேன். எண்பத்தொரு குறிப்புகள். மாணவிகள் கேட்டால் நோட்டைப் பிரதி எடுத்துத் தருகிறேன். புத்தகத்தைத் தருவதாக இல்லை.